கெராங் பூட்டி வைக்கும் நஞ்சு

(கடலோரத் தோட்டம் ஒன்றின் சமூக மண்டபத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற முறை நான் இம்மண்டபத்திற்கு வந்து தூய்மையான உணவைப் பற்றிப் பேசியது உங்களுக்கு நினைவிருக்கலாம். பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, சம்பளம் வாங்கினால் இரவுச் சந்தையிலே கெராங் வாங்கி வருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் இறங்கி ஒரு வாளி பொறுக்கி வருகிறார்கள். அதிலே விஷம் இருக்கிறது என்று சிலர் சொல்லுகிறார்கள். வாய் பிளக்கும் வரையில் கொதிக்க வைத்துத்தானே கொடுக்கிறேன்? அதன் பிறகுமா விஷம் இருக்கும்? அப்படி விஷம் இருந்தால், அந்தக் கெராங் மட்டும் சாகாமல் எப்படி உயிரோடு இருக்கிறது?” என்றார்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவன். வகுப்பறையில் நின்று பல கேள்விகளைச் சந்தித்திருக்கிறேன். ஆயினும் அந்த அம்மையாரின் கேள்வியைப் போன்ற நல்ல கேள்வியை அடிக்கடி கேட்டதில்லை. அன்று அரைகுறையாக விடை சொல்ல விரும்பாமல், படித்து வந்து சொல்கிறேன் என்று வாக்களித்தேன். அந்த வாக்கை நிறைவேற்றவே இன்று வந்திருக்கிறேன். கேள்விகள் இரண்டு. கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடுமா என்பது ஒன்று. நஞ்சைச் சுமந்துகொண்டு கெராங் எப்படி உயிர் வாழ்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுவிட்டால், முதலாவதற்கு விடை தானே கிடைத்துவிடும். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

கெராங், கூப்பாங், லாலா, கடல் முரிங்கை என நாம் உண்ணும் இவை அனைத்தும் இரண்டு ஓடுகளுக்கு இடையில் வாழும் சிப்பி இனங்கள். இவற்றிற்கு வலை வீசத் தெரியாது; இரை தேடி ஓடவும் தெரியாது. கூப்பாங் என்னும் பச்சை ஓட்டுச் சிப்பி, தன் நார்களால் கட்டையிலும் கல்லிலும் கயிற்றிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கெராங்கோ சேற்றிலே புதைந்து கிடக்கிறது. இருந்த இடத்திலிருந்தே கடல் நீரை உள்ளே இழுத்து, செவுள்களில் வடிகட்டி, நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளையும் துகள்களையும் உண்டுவிட்டு, நீரை வெளியே விடுவதுதான் இவற்றின் வாழ்க்கை. வளர்ந்த கூப்பாங் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் அதிகமான நீரை இவ்வாறு வடிகட்ட வல்லது.

நீங்கள் பால் வெட்டிச் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டு வந்ததும், அதைச் சல்லடையில் ஊற்றி வடிகட்டுகிறார்கள் அல்லவா? இலை, பட்டை, தூசி ஆகியவை சல்லடையில் தங்குகின்றன. அந்தச் சல்லடையை ஒரு நாளும் கழுவாமல், இரவும் பகலும் பால் ஊற்றிக்கொண்டே இருந்தால் என்னவாகும்? சிப்பியின் நிலை ஏறத்தாழ அதுதான். உணவு என்று அது வடிகட்டிக்கொள்ளும் துகள்களோடு உலோகங்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன.

எந்த உலோகங்கள்? காட்மியம், காரீயம், பாதரசம், செம்பு, துத்தநாகம் ஆகியவை முக்கியமானவை. காரீயம் என்று நான் குறிப்பிடுவது, நம் நாட்டுச் சுரங்கங்களில் எடுக்கப்பட்ட வெள்ளீயத்தை அன்று. வாகன பேட்டரியில் இருக்கும் கரிய உலோகத்தை. இவை தொழிற்சாலைக் கழிவு, சுரங்கக் கழிவு, பழைய சாயம், பேட்டரி, கப்பல் பட்டறை, நகரச் சாக்கடை ஆகியவற்றிலிருந்து ஆற்றில் கலந்து, முகத்துவாரத்தை அடைகின்றன. அங்கே ஆற்று நீரும் உப்பு நீரும் கலக்குமிடத்தில், நீரில் மிதந்து வந்த மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு சேற்றில் படிகின்றன. கெராங் விரும்பி வாழ்வதும் அதே சேற்றில்தான்.

இந்த உலோகங்கள் சிப்பியின் உடலுக்குள் இரு வழிகளில் நுழைகின்றன. துகள்களில் ஒட்டியிருப்பவை உணவோடு குடலுக்குள் செல்கின்றன. நீரில் கரைந்திருப்பவை செவுளின் மெல்லிய தோல் வழியாகவே ஊடுருவுகின்றன. சிப்பிக்கு ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் தேவை. அதை உள்ளே விடுவதற்கென்று அதன் உயிரணுக்களில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. காட்மியம் அளவில் கால்சியத்தை ஒத்திருப்பதால், அவ்வாயில்களின் வழியே தடையின்றிப் புகுந்துவிடுகிறது. பெரட்டு வேளையில் வேறொருவன் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்துவிட்டவனைப் போன்றது அது.

நுழைவது எளிது, வெளியேறுவது அரிது. அதனால் நாளுக்கு நாள் உலோகம் சேர்ந்துகொண்டே போகிறது. சுற்றியுள்ள நீரில் இருக்கும் அளவைப் போல் ஆயிரம் மடங்கும், சில உலோகங்களில் பல்லாயிரம் மடங்கும் சிப்பியின் தசையில் சேர்ந்துவிடக்கூடும். கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரிலும் இது நிகழும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தத் தன்மையைக் கண்ட அறிவியல் அறிஞர்கள் சிப்பியையே காவற்காரனாக நியமித்தார்கள். 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வர்ட் கோல்ட்பெர்க் என்பவர், கடற்கரைகளின் தூய்மையை அறியச் சிப்பிகளைச் சோதிக்கலாம் என்னும் திட்டத்தை முன்மொழிந்தார். மீன் நீந்தி வேறிடம் போய்விடும்; சிப்பியோ இருந்த இடத்திலேயே இருந்து, அந்த இடத்தின் கணக்கைத் தன் உடலில் எழுதி வைக்கிறது. நம் நாட்டிலும் புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீபகற்பத்தின் மேற்குக் கரையோரப் பகுதிகளிலிருந்து கூப்பாங் எடுத்து, அதிலுள்ள காட்மியம், செம்பு, காரீயம், துத்தநாகம் ஆகியவற்றை அளந்து வந்திருக்கிறார்கள்.

இனி, இவ்வளவு உலோகத்தைச் சுமந்துகொண்டு சிப்பி சாகாதிருப்பது எப்படி என்று பார்ப்போம்.

செம்பும் துத்தநாகமும் சிறிதளவு இருந்தால்தான் சிப்பி வாழும், நாமும் வாழ்வோம். அளவு மீறினால் அவையே கேடு. செம்பின் குணம் உங்களுக்குப் புதிதன்று. ரப்பரில் சிறிதளவு செம்பு கலந்தாலும் அது பிசுபிசுத்து விரைவில் கெட்டுவிடும். காட்மியம், காரீயம், பாதரசம் ஆகியவற்றாலோ உடலுக்கு ஒரு பயனும் இல்லை. உயிரணுவுக்குள் வேலை செய்யும் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களைப் பற்றிக்கொண்டு, அவற்றை வேலை செய்யவிடாமல் முடக்குவதே இவற்றின் கெட்ட குணம்.

இந்தப் பகைவரைச் சமாளிக்கச் சிப்பிக்குச் சில வழிகள் இருக்கின்றன. நீரில் திடீரென்று செம்பு போன்ற உலோகம் மிகுந்தால், அது ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். ஆனால் எத்தனை நேரம்தான் மூடிக் கிடக்க முடியும்? மூச்சு விடவும் உண்ணவும் மீண்டும் திறந்தே ஆகவேண்டும். ஆகவே அது தற்காலிக வழியே.

நிலையான வழி உடலுக்குள்ளே இருக்கிறது. 1957-ஆம் ஆண்டில் மார்கோஷஸ், வல்லீ என்னும் இரு அறிஞர்கள், குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தைப் பற்றி வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். மெட்டல்லோதயோனின் என்பது அதற்குப் பின்னர் வழங்கிய பெயர். பெயர் நீளமாக இருந்தாலும் பொருள் பெரியதல்ல. உலோகமும் கந்தகமும் சேர்ந்த புரதம் என்பதே. இப்புரதத்தின் கட்டமைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கந்தகம் கொண்ட சிஸ்டீன் என்னும் அமிலமாக இருக்கிறது. உலோகம் எதைத் தேடி அலைகிறதோ, அதையே கை நிறைய ஏந்தி நிற்கும் புரதம் இது. உலோகம் வேறெங்கும் சென்று கேடு விளைவிப்பதற்கு முன், இது கிடுக்கியைப் போல் அதைப் பற்றிக்கொள்கிறது. சிப்பிகளிலும் இப்புரதம் உண்டு. உலோகம் மிகுந்த நீரில் வாழும் சிப்பி, அதற்கேற்ப இப்புரதத்தை அதிகமாகச் செய்துகொள்கிறது.

பற்றிய உலோகத்தை என்ன செய்கிறது? உயிரணுவுக்குள் லைசோசோம் என்னும் நுண்ணிய பைகள் இருக்கின்றன. உலோகத்தை அவற்றில் போட்டு அடைக்கிறது. செரிமானச் சுரப்பியிலும் சிறுநீரகத்திலும் கரையாத மணிகளாக்கி ஒதுக்கி வைக்கிறது. அம்மணிகளில் ஒரு பகுதியை மெல்ல மெல்ல வெளியேற்றுகிறது. கூப்பாங் தன் ஒட்டு நார்களுக்குள்ளும் உலோகத்தின் ஒரு பகுதியைச் செலுத்திவிடுகிறது. காரீயம் சிறிதளவு ஓட்டிலும் படிகிறது.

தோழர்களே, இதை நம் தோட்டத்து வழக்கப்படி சொல்கிறேன். களைக்கொல்லி மருந்தை யாரும் லயத்து வாசலில் வைப்பதில்லை. ஸ்டோரிலே வைத்துப் பூட்டி, சாவியைக் கிராணி வைத்துக்கொள்கிறார். பூட்டி வைத்ததனால் அந்த மருந்து தன் நஞ்சை இழந்துவிட்டதா? இல்லை. யாருக்கும் எட்டாமல் ஒதுங்கி இருக்கிறது, அவ்வளவே. சிப்பி செய்வதும் இதுதான். அது நஞ்சை அழிக்கவில்லை, பூட்டி வைத்திருக்கிறது. பூட்டிய அறை அதன் தசையிலும் குடலிலும் இருக்கிறது. நாம் அதை மென்று விழுங்கும்போது, அந்த அறையையே சாமானோடு விழுங்கிவிடுகிறோம். நம் இரைப்பையிலுள்ள அமிலம் பூட்டைத் திறந்துவிடுகிறது.

பூட்டி வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. அப்புரதத்தைச் செய்வதற்குச் சிப்பி தன் ஊட்டத்தைச் செலவிட வேண்டும். வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்திற்கும் போக வேண்டிய வலிமை குறைகிறது. உலோகம் மிகுந்த நீரில் வளர்ந்த சிப்பிகளை நீரிலிருந்து எடுத்து வெளியே வைத்தால், தூய நீரில் வளர்ந்தவற்றைவிட விரைவில் மடிகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வெளியே திடமாகத் தோன்றினாலும் உள்ளே தளர்ந்திருக்கிறது என்பது இதன் பொருள். அறை நிரம்பி வழியும் நாளில், உலோகம் மற்றப் புரதங்களைத் தாக்கத் தொடங்கும், சிப்பியும் மடியும். ஆனால் அந்த எல்லை வரும் வரையில் அது உயிரோடும், பார்வைக்குக் கொழுத்தும் இருக்கும். “உயிரோடிருக்கிறது, ஆகவே நல்லது” என்று முடிவு செய்வது தவறு என்பதற்கு இதுவே காரணம்.

இப்போது அம்மையாரின் முதற் கேள்விக்கு வருவோம். கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடுமா?

கிருமி போய்விடும். 1988-ஆம் ஆண்டில் சீனாவின் ஷாங்காய் நகரில், சரியாக வேகாத சிப்பி உண்டதனால் ஏறத்தாழ 3 லட்சம் மக்களுக்கு மஞ்சட்காமாலை நோய் கண்டது. அசுத்த நீரிலிருந்த கிருமியைச் சிப்பி வடிகட்டிச் சேர்த்து வைத்திருந்ததே அதற்குக் காரணம். அந்தச் சிப்பிகளை நன்றாக வேக வைத்து உண்டிருந்தால் பெரும்பாலோர் தப்பியிருப்பார்கள். ஆகவே கொதிக்க வைக்கும் நல்வழக்கத்தை ஒருபோதும் கைவிடாதீர்கள். சந்தையில் அரைவேக்காட்டில் விற்கும் கெராங்கையும், சார் குவே தியாவில் கடைசி நேரத்தில் தூவும் பச்சைக் கெராங்கையும் தவிர்ப்பது நல்லது.

ஆனால் உலோகம் கிருமியன்று. அதற்கு உயிரில்லை, ஆகவே அது சாவதில்லை. அது ஒரு மூலப்பொருள். ஆகவே எரித்தாலும், வேக வைத்தாலும், மண்ணில் புதைத்தாலும் சிதைவதில்லை. சட்டியில் நீர் வற்றிக் கெராங் சுருங்கும்போது, அதிலுள்ள உலோகம் சிறிய அளவுத் தசையில் செறிந்து நிற்கிறது. புளியும் மிளகாயும் மஞ்சளும் இதில் ஒன்றும் செய்ய இயலா. வாங்கி வந்த கெராங்கை ஓரிரவு உப்பு நீரில் போட்டு வைத்தால் சேறு கக்கும். நல்ல நீரில் இரண்டு நாள் வைத்திருந்தால் கிருமிகளும் ஓரளவு குறையும். உலோகம் குறையவோ வாரங்களும் மாதங்களும் ஆகும். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இத்தகைய கேட்டின் முழு உருவத்தை உலகம் ஜப்பானில் கண்டது. அங்கு மினமாத்தா என்னும் கடலோர ஊரில் ஒரு தொழிற்சாலை, பாதரசம் கலந்த கழிவை விரிகுடாவில் விட்டு வந்தது. 1956-ஆம் ஆண்டில் அவ்வூரில் புதுமையான நரம்பு நோய் பரவியிருப்பது அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. மீனையும் சிப்பியையும் நாள்தோறும் உண்டு வாழ்ந்த மீனவக் குடும்பங்களே முதலில் பாதிக்கப்பட்டன. கைகால் நடுங்கின, பார்வை குன்றியது, தாயின் வயிற்றிலிருந்த குழந்தைகளும் ஊனமுற்றுப் பிறந்தன. பாதரசம் வெளியேறுவது 1968-இல்தான் நின்றது. அதே ஜப்பானின் தோயாமா மாநிலத்தில், ஜின்சூ ஆற்றின் மேற்பகுதியிலிருந்த சுரங்கத்துக் காட்மியம் வயல்களில் பாய்ந்து, அரிசியின் வழியாக மக்களின் உடலில் சேர்ந்தது. பல பிள்ளைகளைப் பெற்ற நடுவயதுப் பெண்கள் சிறுநீரகம் கெட்டு, எலும்புகள் மெலிந்து முறிந்து, வலியால் அலறினார்கள். தைவானில் 1986-ஆம் ஆண்டில் ஓர் ஆற்று முகத்துவாரத்தில் வளர்க்கப்பட்ட கடல் முரிங்கைகள், கழிவிலிருந்த செம்பினால் பச்சை நிறமாகவே மாறிவிட்டன.

நம் நாட்டிலும் எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1970-களில் செபெராங் பிறையில் தொழிற்பேட்டை வளர்ந்தபோது, ஜூரு ஆறு கழிவால் கெட்டது. அதன் முகத்துவாரத்தில் மீன் பிடித்தும் கெராங் எடுத்தும் வாழ்ந்த குவாலா ஜூரு கிராம மக்களின் பிழைப்புப் பாதிக்கப்பட்டது. அம்மக்கள் வாய்மூடி இராமல் தங்கள் குறையை நாடறியச் செய்தார்கள். அக்காலத்தில்தான், 1974-இல், சுற்றுச்சூழல் தரச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் கீழ் 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும், 1978-இல் ரப்பர் பதனிடும் ஆலைகளுக்கும் கழிவுநீர் விதிமுறைகள் வந்தன. நம் ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள் வரிசையாக இருக்கின்றனவே, அவை வந்த வரலாறு இதுதான்.

இவ்வளவும் கேட்டபின், “அப்படியானால் இனிக் கெராங்கைத் தொடவே கூடாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்ல வரவில்லை. கெராங் நல்ல உணவு. மற்றச் சிப்பிகள் பெரும்பாலானவற்றின் இரத்தத்திற்கு நிறமில்லை. கெராங்கின் இரத்தமோ நம் இரத்தத்தைப் போலவே சிவந்தது. அதில் இரும்புச் சத்து மிகுதி, புரதமும் உண்டு. சோகை உள்ள பெண்களுக்கு இரும்பு தேவை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உடலில் இரும்பு குறைந்திருக்கும்போது, குடல் காட்மியத்தையும் அதிகமாக உறிஞ்சுகிறது. ஆகவே இரும்புக்காகக் கெராங்கை மட்டும் நம்பாமல், முருங்கைக் கீரை, தண்டுக்கீரை, பயறு, முட்டை, இறைச்சி ஆகியவற்றையும் உண்ண வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் மருந்தகத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தவறாது உட்கொள்ள வேண்டும்.

எவ்வளவு உண்ணலாம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு, 2010-ஆம் ஆண்டில் காட்மியத்திற்கு ஒரு வரம்பு கூறியது. ஒருவருடைய உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், மாதத்திற்கு 25 மைக்ரோகிராம் என்பதே அந்த வரம்பு. ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மாத வரம்பு ஒன்றே கால் மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரை மில்லிகிராம். ஒரு கிலோ கெராங் தசையில் ஒரு மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரியவர் ஒன்றே கால் கிலோவும், குழந்தை அரைக் கிலோவும் உண்ட அளவில், அவர்களுடைய மாதக் கணக்கு தீர்ந்துவிடும். அனைத்துலக உணவுத் தர அமைப்பு கெராங், கூப்பாங் போன்ற சிப்பிகளுக்கு அனுமதிக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 2 மில்லிகிராம். அந்த உச்ச அளவு இருந்தால், இக்கணக்கில் பாதி உண்டாலே போதும், வரம்பு முடிந்துவிடும். அரிசியிலும் காய்கறியிலும் சிறிதளவு காட்மியம் உண்டு என்பதால், அந்தப் பற்றையும் கழித்தே பார்க்க வேண்டும். ஓட்டோடு நிறுத்த எடையை இதற்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளிருக்கும் தசையின் எடையைத்தான் சொல்கிறேன்.

இக்கணக்கிலிருந்து என்ன தெரிகிறது? மாதம் ஒன்றிரண்டு முறை குடும்பத்தோடு ஒரு தட்டுக் கெராங் உண்பவருக்கு அஞ்ச வேண்டியதில்லை. அசுத்தமான ஒரே இடத்திலிருந்து வாரந்தோறும் வாளி வாளியாகப் பொறுக்கி வந்து, பிள்ளைகளுக்குக் கொடுப்பதே அஞ்சத்தக்கது. உட்சென்ற காட்மியம் நம் சிறுநீரகத்தில் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். நாமும் சிப்பியைப் போலவே அதே மெட்டல்லோதயோனின் புரதத்தால் அதைப் பூட்டித்தான் வைக்கிறோம். சந்தைக்கு வரும் கெராங் ஓரிரண்டு ஆண்டுகளே வாழ்ந்திருக்கும்; அதன் அறை நிரம்ப நேரமில்லை. நாம் எழுபது, எண்பது ஆண்டுகள் வாழ வேண்டியவர்கள். புகையிலைச் செடியும் மண்ணிலிருந்து காட்மியத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். புகைப்பவர் உடலில், புகைக்காதவர் உடலில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு காட்மியம் சேர்கிறது. ஆகவே புகைக்கும் தோழர்கள் சிப்பியின் மேல் மட்டும் பழி போட வேண்டாம்.

காரீயமோ குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பள்ளியில் பாடம் ஏறாமல் தவிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடிப்பதற்கு முன், அதன் உடல் நலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதை, முன்னாள் ஆசிரியன் என்ற உரிமையில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி, நாம் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவதாக, தொழிற்சாலைக் கால்வாய், படகுப் பட்டறை, துறைமுகம், குப்பை மேடு ஆகியவற்றின் அருகிலோ, அவற்றின் நீர் வந்து சேரும் முகத்துவாரத்திலோ கெராங் பொறுக்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். மீன்வள இலாகாவின் ஒப்புதலோடு வளர்க்கப்படும் இடங்களிலிருந்து வந்ததா என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கமில்லை. நேர்மையான வியாபாரிக்கு அதனால் நட்டமுமில்லை.

இரண்டாவதாக, அரசாங்கம் அறிவிப்புச் செய்யும்போது அதற்கு மதிப்புக் கொடுங்கள். 2024 ஏப்ரலில் போர்ட்டிக்சன் கடற்கரையில், கடல் நுண்பாசிகளின் நஞ்சு காரணமாகச் சிப்பி எடுக்கவும் விற்கவும் தடை விதிக்கப்பட்டது. அந்நஞ்சு வேறு வகை. ஆயினும் அதுவும் கொதிக்க வைத்தால் போகாது. தடைக் காலத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது ஆபத்து.

மூன்றாவதாக, கடலில் சேரும் உலோகத்தில் நம் வீட்டுப் பங்கும் உண்டு. தீர்ந்துபோன பேட்டரிகளையும், உடைந்த குழல் விளக்குகளையும், மீந்த சாயத்தையும் லயத்துக் கால்வாயில் எறியாதீர்கள். மீன்பிடிக் குண்டு வார்ப்பதற்காக வாகன பேட்டரியை உடைத்துக் காரீயத்தை உருக்கும் பழக்கம் யாரிடமாவது இருந்தால், அதை இன்றே விட்டுவிடுங்கள். அந்தப் புகை முதலில் உங்கள் பிள்ளையின் மூச்சில் சேரும். அந்த அமிலம் பிறகு கால்வாயில் சேரும். பழைய பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்காரரே விலை கொடுத்து வாங்கிக்கொள்வார். நம் மூத்தோருக்கு ஒன்று நினைவிருக்கும். லாலான் புல்லைக் கொல்லத் தோட்டங்களில் சோடியம் ஆர்செனைட் தெளித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் புல்லை மேய்ந்து மாடுகள் மாண்டதும் உண்டு. மண்ணில் போட்ட நஞ்சு யார் வாயிலாவது வந்து சேரும் என்பதற்கு நாம் கண்ட சாட்சி அது.

நான்காவதாக, ஆற்று நீர் நிறம் மாறினாலோ, மீன்கள் செத்து மிதந்தாலோ, இரவில் லாரி வந்து கழிவைக் கொட்டினாலோ, “நமக்கென்ன” என்று இருந்துவிடாதீர்கள். நாளையும் நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, தொழிற்சங்கக் கிளைத் தலைவர் மூலமாகவோ நேரிலோ, சுற்றுச்சூழல் இலாகாவிற்குத் தெரிவியுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உதவுவார்கள். குவாலா ஜூரு மக்களும் எளிய மீனவர்களே. அவர்கள் பேசியதனால்தான் நாடு கேட்டது.

அம்மையார் அவர்களே, உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான். கெராங் நஞ்சை வென்று உயிர் வாழவில்லை. நஞ்சைப் பூட்டி வைத்து உயிர் வாழ்கிறது. கொதிநீர் கிருமியைக் கொல்லும். ஆனால் அந்தப் பூட்டுக்குள் இருப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அந்த நஞ்சு அடுப்புக்கு வந்தபின் தடுக்கக்கூடியதன்று. ஆற்றிலும் சேற்றிலுமே தடுக்க வேண்டியது. வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு புறப்படும்போது, “எந்தக் கரைக்குப் போகிறாய்?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். நான் இன்று வந்ததற்குப் பயன் கிடைத்துவிடும்.